சிவப்பு இல்லாத தட்டு

பல்லாரட்டில் ஜூலை மாதம். ஏலக்கூடத்தின் பின்னறை ஹீட்டர்
முழங்காலைச் சுடும், விரலை எட்டாது.
பெங்கெல்லி ஒரு துவாலையைப் பிரிக்கிறார்.
உள்ளே இன்னொரு துவாலை.
அதற்குள் தட்டு.

பச்சை. பாசி மூடிய குளத்தின் கனத்தோடு
விளிம்புவரை பச்சை.
நடுவில் கொஞ்சம் மஞ்சள், கருநீலம்,
கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பாறை,
அதன்மேல் பேர் தெரியாத பறவை ஒற்றைக் காலில்.
சிவப்பு பொட்டளவும் இல்லை.

"ஆயிரத்து அறுநூற்று ஐம்பதுகள்" என்கிறார்.
அப்பா கோபேயில் வாங்கியது.
கம்பளி ஏற்றிய கப்பலில் சமையல்காரர் அவர்.
விற்றவன் சத்தியம் செய்தானாம்.

கவிழ்த்துப் பார்க்கிறேன்.
சதுரத்துக்குள் நல்வாழ்வு என்று ஒற்றை எழுத்து.
பழைய ஆட்கள் அதைப் போகிறபோக்கில் கிறுக்குவார்கள்.
இவன் பார்த்து எழுதியிருக்கிறான்.
பார்த்து எழுதும் கை எங்காவது ஒரு நொடி நிற்கும்.
மூன்றாவது கோட்டில் நின்றிருக்கிறது,
அங்கே மை சற்றே தடித்து.

"அப்படியானால் போலி."

இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.
ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம்.
அந்த மலையூரில் சூளை அணைந்து
நூறு வருஷத்துக்கு மேல் புல் மண்டிக் கிடந்தது.
வியாபாரி ஒருவர் தன் பணத்தைக் கொட்டி
அதே இடத்தில் மறுபடி தீ மூட்டினார்.
அதுவும் நிலைக்கவில்லை.
பின்னால் இன்னொருவர், இன்னும் சிலர்,
ஆளுக்கொரு பச்சை.
ஏமாற்ற நினைத்தவன் மண்ணில் புதைத்திருப்பான்,
தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டிருப்பான்.
இதில் அந்தக் கறை இல்லை.

"நாற்பதாயிரம் போகும் என்று நினைத்தேன்."
"எண்ணூறு. மழை பெய்யாத நாளாக இருந்தால் ஆயிரம்."

ஸ்டர்ட் தெருவில் ஒரு லாரி போகும்வரை பேசவில்லை.
பிறகு, இது இருந்த அலமாரிக்குப் பக்கத்தில்
பிள்ளைகளை ஓடவிட்டதே இல்லை என்றார்.
என்னிடம் சொன்னதுபோல இல்லை.
பிறகு,
"யார் செய்தது?"

தெரியாது.
படிவத்தில் காலம் என்ற கட்டம் சின்னது,
ஓர் எண்தான் பிடிக்கும்.
'பாணியில்' என்று எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

"ஏலத்துக்கு வேண்டாம்" என்கிறார்,
தட்டைத் தன்பக்கம் இழுத்து.
சுற்றுகிறார்.
ஒரு துவாலை போதும் என்று
மற்றதைத் தோளில் போட்டுக்கொள்கிறார்.