கறுப்பு வயர்

முச்சக்கர வண்டி என்றால் லேசு.
சீட்டுக்கடியில் கொஞ்சம் பெயின்ற் சுரண்டி
ஒரு போல்ற் முறுக்கிவிட்டால் முடிந்தது.
வண்டியின் உடம்பு முழுவதும் எர்த்.
காணி உறுதி இல்லாதவனுக்கும்
அங்கே ஒரு விரற்கடை நிலம் கிடைக்கும்.

ஸ்டனிஸ்லாஸின் படகு ஃபைபர்.
தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம்.
எங்கே சுரண்டினாலும் வெள்ளைத் தூள்தான்,
அதற்குக் கீழே இன்னும் ஃபைபர்,
அதற்கும் கீழே
உப்புவெளியின் பச்சைத் தண்ணீர்.

"ஆள் வரேல்லையா?" என்றார் முதலில்.
"நான்தான் ஆள்" என்று
கிண்ணியாவிலிருந்து திருகோணமலை வந்து
இரண்டு பஸ் மாறிச் சுமந்த பையைத் திறந்தேன்.
பிறகு அவர் பேசவில்லை. டோர்ச் பிடித்தார்.

புறாமலைக்குப் போகும் கொழும்புப் பெடியன்களுக்குப்
பாட்டு நெஞ்சில் குத்தவேண்டுமாம்.
அதற்காகப் பின் ஆசனத்தின் கீழே
அரிசிப் பெட்டி அளவில் ஒரு சப்வூஃபர்,
அம்ப்ளிஃபயரும் அதன் வயிற்றிலேயே.
போன வருசம் யாரோ பூட்டியது.
பாட்டுக்கு முன்னால் ஒரு முனகல் வரும்.
எஞ்சினைக் கூட்டினால் முனகலும் ஏறும்,
பல்லுக்கொதிக்காரன் மாதிரி.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு
முழங்காலில் ஊர்ந்தேன்.
எண்ணெய்த் தண்ணீர், காய்ந்த சூடை மீன் செதில்,
யாரோ ஒரு வெள்ளைக்காரியின் ஒற்றைத் தோடு.
வயர் போய் நின்ற இடம்
படகின் அடியைத் துளைத்து
வெளியே தலைநீட்டிய பித்தளைப் போல்ற்.

கடலுக்கு எர்த் கொடுத்திருக்கிறான்.

கடல் வேண்டாமென்று சொல்லாது.
எதைக் கொடுத்தாலும் வாங்கும்,
வாங்கியதற்குக் கூலியாக உலோகத்தைத் தின்னும்.
போல்ற்றின் தலை பாதி இல்லை.
விரலால் தொட, களிம்பு ஈரமாவாய் உதிர்ந்தது.
இன்னுமொரு வாடைக்காலம் விட்டிருந்தால்
அந்தத் துளை வழியே கடலே ஏறி வந்து
பாட்டுக் கேட்டிருக்கும்.

ஆறு பேர் சேர்ந்து மணலுக்கு இழுத்தார்கள்.
துளையை அடைத்தது வேறொருவர்.
அது ரெசின் வேலை, என் கணக்கில் இல்லை.

ரேடியோவின் கறுப்பு வயரோ
எஞ்சின் உடம்பில் முடிந்திருந்தது.
ஒரே பாட்டுக்கு இரண்டு நிலம்.
இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான்
இத்தனை நாளும் முனகியது.
ஸ்டனிஸ்லாசுக்கு இதை விளக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
இந்த ஊரில் இரண்டு நிலம் பற்றி
நான் யாருக்கு வகுப்பெடுக்க?

எல்லாவற்றையும் கழற்றினேன்.
ஈயம் பூசிய செம்பு வயர், பதினாறு அடி.
சிவப்பு எவ்வளவு தடிப்போ கறுப்பும் அவ்வளவு தடிப்பு;
போன மின்சாரம் முழுவதும்
திரும்பி வரவும் வேண்டுமல்லவா.
பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ்.
ரேடியோவின் கறுப்பும் பெட்டியின் கறுப்பும்
பற்றரியின் நெகற்றிவில், ஒரே போல்ற்றில்,
ஒன்றின்மேல் ஒன்றாக, கிறீஸ் பூசி.
பெட்டிக்குள் நுழையுமுன் வயருக்கு ஒரு தொங்கல் விட்டேன்,
வழிந்து வரும் தண்ணீர் அங்கே நின்று யோசித்து
கீழே சொட்டிப் போகட்டும் என்று.

ரெசின் காய இரண்டு நாள்.
மூன்றாம் நாள் படகு தண்ணீரில்.
ஸ்டனிஸ்லாஸ் சாவியைத் திருப்பினார்,
எஞ்சினைக் கூட்டினார், இன்னும் கூட்டினார்,
குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.
முகம் விழுந்துவிட்டது.

"செத்துப்போச்சு."

"இல்ல. உயிரோடதான் இருக்கு.
இப்ப பாட்டைப் போடுங்க."

அவர் உடனே போடவில்லை.
எஞ்சினைக் குறைத்துவிட்டு
காதை அங்கேயே வைத்திருந்தார்.
பெட்டியின் மேலிருந்த என் பிளேன்ரீயில்
ஒரு வளையமும் இல்லை.
கடைசிக் கிண்ணியா பஸ்ஸுக்கு
இன்னும் ஒரு மணித்தியாலம்.