இறைப்பு

முதல் நாள் காலை ஐந்தரைக்கு
ஏழரை எச்பி மோட்டாரை
ஊருணிப் படியில் இறக்கினேன்.
செம்பூரான் கல், பாசி வழுக்கும்.
சாத்தையா உறிஞ்சுகுழாயின் வாயில்
கொசுவலையை நாலு மடிப்பாகக் கட்டினான்,
நம்மூர்க் குஞ்சு ஏதாவது மிச்சமிருந்தால்
இழுத்துவிடக் கூடாதென்று.
மோட்டாருக்கு மூச்சு முட்டும் என்றேன்.
முட்டட்டும் என்றாள் ரகமத் நிஷா,
காரைக்குடிக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள்.

அவள் கையில் ஒரு பட்டியல்.
எண்பத்தொன்றாம் வருஷ மீன்பாசி ஏலக் குறிப்பிலிருந்து
பார்த்தெழுதியது:
அயிரை, உளுவை, ஆரால், குறவை,
பனையேறிக் கெண்டை,
தேளி.
தேளியின் பக்கத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்:
‘குத்தினால் விடியவிடியக் கடுக்கும்.’

இரண்டாம் நாள் மதியம் நீர் முழங்காலுக்கு இறங்கியது.
அடுப்பில்லாமல் கொதித்தது.
கறுப்பு முதுகுகள், மீசைகள்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறி.
ஆப்பிரிக்கக் கெளுத்தி.
நிஷா ஒன்றின் வயிற்றைக் கீறிக் காட்டினாள்:
நத்தை ஓடு, கறிக்கோழிக் குடல்,
தவளையின் ஒரு கால்,
அப்புறம், இறகு இன்னும் பிரியாத
முக்குளிப்பான் குஞ்சு.
யார்தான் கொண்டுவந்து விட்டார்களோ என்றாள்.
நான் மோட்டாருக்கு டீசல் ஊற்றப் போனேன்.

ஆறு வருஷத்துக்கு முன், இரவு பதினொன்று.
கோட்டையூர் விலக்கில் ஒரு லாரி.
காற்றடைத்த இருபது பைகள் என் லோடு ஆட்டோவுக்கு மாறின.
மிளகளவு தலை, நூலளவு வால்.
ஏலக்காரர் எண்ணூறு ரூபாய் தந்தார்.
பை குலுங்காமல்
குழி பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.
என் பிள்ளையைக்கூட
அவ்வளவு பதவிசாய் ஏற்றிப்போனதில்லை.

மூன்றாம் நாள் வெறும் சேறு.
சுண்ணாம்பு போட்டு மூடக் குழி தயாராக இருந்தது.
குழம்புக்கு ஆளுக்கு ரெண்டு எடுக்கலாமா என்று கேட்டார்கள்.
செத்ததை எடுங்கள், உயிரோடு ஒன்றுகூடக் கூடாது
என்று நிஷா ஒவ்வொரு கூடையாகக் கிளறினாள்.
நூறுநாள் வேலைப் பெண்கள் வரிசையாக இறங்கி
சேற்றை விரலால் சலித்தார்கள்.
படிக்கல் விரிசலுக்குள் கைவிட்ட பஞ்சவர்ணம்
திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.
உள்ளங்கையில் ஒரு குறவை.
அப்புறம் இன்னொன்று. ஓர் ஆரால்.
ஒரு பிடி அயிரை, ஈரச்சேற்றோடு சேர்த்து.
மொத்தம் பதினேழு.
குழிக்குள் போனது மூவாயிரத்துக்கு மேல்.
தேளி இல்லை.
அந்தப் பெயரை அவள் அடிக்கவில்லை;
ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பதினேழையும் நீல டிரம்மில் விட்டு
பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனோம்.
அதே வண்டி. அதே குழிகள்.
அன்றைய வாடகையை நான் வாங்கவில்லை.
ஏன் என்றாள்.
டீசல் மிச்சமிருக்கிறது என்றேன்.

ஐப்பசியில் வரத்துக்காலில் நீர் வந்தது.
வாய்மடையில் கம்பிவலை அடித்திருக்கிறோம்,
ஆனால் கெளுத்திக்கு வாய்க்கால் வேண்டியதில்லை.
மழை இரவில் ஈரத்தரை போதும்,
பக்கத்து ஊருணியிலிருந்து நடந்தே வரும்.
அதனால் மழை பெய்தால் எனக்குத் தூக்கமில்லை.
டார்ச்சும் வாளியுமாகக் கரையைச் சுற்றுகிறேன்.
ஓணானுக்கு அலாரம் வைத்தவன் என்று
மனைவி சிரிக்கிறாள்.

நேற்று, தார் ரோட்டின் ஓரத்தில்
விரல் நீளத்தில் ஒன்று நெளிந்தது.
கறுப்பு. மீசை.
முறத்தால் தள்ளி வாளியில் விட்டு
நிஷாவுக்குப் போன் செய்தேன், மணி ஒன்றேகால்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
முதுகுத் துடுப்பு வால்வரைக்கும் ஓடுகிறதா,
இல்லை சின்னதாக நின்றுவிடுகிறதா என்றாள்.
டார்ச் மங்கல். மழை. தெரியவில்லை.
காலையில் பார்க்கலாம், கையை விடாதீர்கள்,
தேளியாக இருந்தால் குத்திவிடும்.

போனை அணைத்தேன்.
குத்தட்டும் என்று
வாளிக்குள் கையை விட்டேன்.