தலையோடு ஒரு கொடுவா

"செதிள் எடுக்காதீங்க" என்றதும்
தேசம்மா கத்தியைக் கீழே வைத்தார்.
முப்பது வருஷத்தில் யாரும் சொல்லாத பேச்சு.
"இன்னாம்மா, அப்பிடியே துன்னப் போறியா?"
இல்லக்கா, பார்க்கணும்.
செதிள் இருக்கிறதென்று ரிவ்கா
தன் கண்ணால் பார்க்கணும். துடுப்பும்.
இறால் ஆகாது, நண்டு ஆகாது, சுறா ஆகாது,
கடம்பா பக்கம் திரும்பவே கூடாது.
"பாதி மார்க்கெட்டைத் தள்ளி வெச்சிட்டியே"
என்றபடி கொடுவாயின் விலாவில் நகம் பதித்து
ஒரு செதிளை நெம்பி
அவள் உள்ளங்கையில் வைத்தார்,
சில்லறை பாக்கி தருவது போல.

"தலை? கொழம்புக்குத் தனியாவா?"
வேண்டாம் என்று ரெண்டு பேரும்
ஒரே நேரத்தில் கத்தினோம்.
தலைதான் விசேஷமே.
இன்று பொழுது சாய்ந்தால் அவளுக்கு வருஷப் பிறப்பு.
வாலாக வேண்டாம், தலையாக இருக்கணும் என்று
மீன் தலையை முன்னால் வைத்துக் கேட்பார்களாம்.
புரட்டாசியில் போய் பிறக்கிறதே ஒரு வருஷம்!
நல்லதுதான்.
ஊரே விரதம், கிலோவுக்கு நூறு ரூபாய் குறைவு.

பெரம்பூர், மூன்றாவது மாடி.
தாணேயிலிருந்து மாற்றலில் வந்தபோது
துணிப்பெட்டியோடு அவள் கொண்டுவந்த
கத்தி, பலகை, தட்டு
எல்லாம் சமையலறையின் இடப்பக்கம்.
வலப்பக்கம் நான்.
ஓவன் நடுவில். அது என்னுடையது,
போன மாசம் இறால் சுட்டது.
அதனால் அலுமினியத் தாள், ஒன்றின் மேல் இன்னொன்று,
மழைக்கோட்டுக்கு மேல் மழைக்கோட்டு.
உள்ளே உப்பு, மிளகு, பூண்டு,
வட்டமாக எலுமிச்சை, நாலு பச்சை மிளகாய்.
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான் என்றாள்.

மீன் நுழையவில்லை.
குறுக்காக வைத்தோம், கோணலாக வைத்தோம்,
கதவு மூட மறுத்தது.
ரிவ்கா மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு தாளைப் பிரித்து
வாலை வெட்டினாள்.

ஐந்து இருபதுக்குக் கரன்ட் போனது.
மின்வாரியத்தில் போனை எடுத்தவர்
"லைன்ல வேலைம்மா" என்று வைத்துவிட்டார்.
"திறக்காதே, சூடு உள்ளேயே இருக்கட்டும்" என்றாள்.
அவள் கழுத்தில் வியர்வை ஓடிற்று.
ஜன்னலில் வெளிச்சம் குறையக் குறைய
மெழுகுவத்திகளை ஏற்றினாள்,
கண்ணை மூடி ஏதோ சொன்னாள்.
இனி எந்த சுவிட்சிலும் அவள் கை படாது.

அப்புறம்தான் வந்தது கரன்ட்.
ஃபேன் சுற்றியது. ஓவன் சிவந்தது.
பத்து நிமிஷம். பதினைந்து.
பூண்டு வாசனையின் ஓரத்தில் மெல்லக் கருகல்.
ரிவ்கா சுவரில் இருந்த காலண்டரை
ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.
அவள் கேட்கக் கூடாது.
கேட்டுத்தான் செய்யணும் என்று எனக்கும் இல்லை.
என் ஓவன், என் கரன்ட் பில்.
எழுந்து போய்க் குமிழைத் திருப்பினேன்.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தாளைப் பிரித்ததும் ஆவியில்
மெழுகுவத்தி ஒருமுறை தலையாட்டியது.
கண் வெளுத்து, வாய் திறந்து,
"அப்படியா?" என்பது போல ஒரு தலை.
சதை எலும்பிலிருந்து தானாகவே விலகியது.
கன்னத்துச் சதையை எடுத்து
முதல் துண்டு எனக்கு வைத்தாள்,
ஆப்பிளும் தேனும் பக்கத்தில்.

இரவு அவள் தூங்கப் போன பிறகு
வலப்பக்கத்து அடுப்பில் என் வாணலியை வைத்தேன்.
மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் புளிக்கரைசல்.
முறுமுறுவென்று வந்தது வால்.
நின்றுகொண்டே சாப்பிட்டேன்,
முள்ளோடு.