மூன்றாம் நோட்டு

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்கு ஒரே வாய்.
அதில் தடுப்புக் கம்பம் போடலாமா என்று
மூட்லி வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம்.
நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றோம்.

அந்த வாரம்தான்
பதினேழாம் எண் வீட்டில்
பூபாலனைக் கட்டிப்போட்டுவிட்டு
அடுப்பில் கொதித்த பருப்பை இறக்கிவைத்து
சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள் நான்கு பேர்.
டிவி போனதைவிட
அந்தப் பருப்புதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

வாட்ஸ்அப்பில் இரவெல்லாம் குரல்கள்:
வெள்ளை வேன், நம்பர் இல்லை.
மேல்தெருவில் விசில் சத்தம்.
யாரோ கேட்டை ஆட்டுகிறார்கள்.
பெரும்பாலும் காற்று. ஒருமுறை குரங்கு.

உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயர், அடையாள எண்,
யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு.
சம்மதமானால் கை தூக்கச் சொன்னார்கள்.
சாக்ரன் மட்டும் கேட்டான்:
"எங்க அக்கா என்னைப் பார்க்க வர்றதுக்கு
ஊருக்கு ஏன் கணக்கு?"
"உனக்குப் பொம்பளப் பிள்ளை இல்ல" என்றது ஒரு குரல்.
அதற்குமேல் அவன் பேசவில்லை.
என் கை எழுந்த வேகத்தில்
பக்கத்திலிருந்த வசந்தாவின் கண்ணாடி கீழே விழுந்தது.

கணக்கு எழுதிப் பழகியவள் என்று
நோட்டைச் சரிபார்க்கும் வேலை எனக்கு.

முதல் நோட்டு, பச்சை அட்டை.
பதினொரு வருஷமாக இஸ்திரிக்கு வரும் நொம்புசோ
தினமும் எழுதினாள் பதின்மூன்று இலக்கங்களை.
மூன்றாம் நாள் சட்டையை மடித்தபடி சொன்னாள்:
"எங்கம்மா பையில் ஒரு பாஸ் புத்தகம் இருக்கும்.
அது இல்லாத அன்றைக்கு
அம்மாவும் வீட்டுக்கு வரமாட்டாள்."
"இது வேற. எல்லாரும்தானே எழுதுறோம்" என்றேன்.
நாங்கள் எழுதுவதில்லை.
எங்கள் கார்களுக்குக் கம்பம் தானாக எழும்.

அப்பாவின் பர்மிட் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.
நேட்டாலிலிருந்து ஜோஹானஸ்பர்க்,
தம்பி கல்யாணத்துக்கு, பதினான்கு நாள்.
திரும்பும் தேதி சிவப்பு மையில்.
அன்றைக்கு அதைத் தேடவில்லை.
இருக்கிற இடம் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாம் நோட்டுக் காலத்தில்
ஒரு ஞாயிறு தனபாலன் வந்தார், செருப்பைக் கழற்றாமல்.
கம்பத்துக்கு அதிகம் பணம் கொடுத்தவர்.
"வியாழக்கிழமை என் வீட்டுக்கு யார் வந்தது?"
காட்டினேன்.
பத்து நாற்பதுக்கு அவர் மனைவியின் தங்கை.
பதினொன்று ஐந்துக்கு வெளியே.
அவர் விரல் அந்த வரியைவிட்டு நகரவில்லை.
அதற்குப் பிறகு
இருபத்திரண்டாம் எண்ணுக்கு
மூன்று மாதமாக யாருமே வரவில்லை.
பக்கங்கள் சுத்தமாக இருந்தன.

தண்ணீர் வெட்டை எதிர்த்து
சாக்ரன் வீட்டில் கூடியவர்கள் யார் யார் என்று
மடிப்புக் கலையாத கால்சட்டையில் இரண்டு பேர் வந்தார்கள்.
கடிதம் எதுவும் இல்லை.
என் பிரிண்டரிலேயே நகல் எடுத்துக்கொண்டார்கள்.
டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டேன்.
வேறொன்றும் கேட்கவில்லை.

திருட்டு குறைந்ததா என்பீர்கள்.
குறைந்தது. சொல்லாமல் விட்டால் பொய்.
எட்டு மாதத்தில் ஒரு சைக்கிள், ஒரு தோட்டக் குழாய்.
சைக்கிளை எடுத்தவன் எங்கள் தெருப் பையன்;
நோட்டில் அவன் பெயர் வர வழியில்லை.

போன வாரம் மறுபடி கூட்டம்.
நோட்டை நிறுத்தலாமா என்றான் சாக்ரன்.
கேமரா என்றார்கள், விரல் ரேகை என்றார்கள்.
இப்போது நாற்காலி எல்லோருக்கும் போதும்.
நான் பேச எழுந்தேன்.
கைப்பையில் பர்மிட், நான்காக மடித்து.
மேல்தெருவில் ஏதோ வெடித்தது.
டயராக இருக்கலாம்.
எல்லோரும் கேட்டைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.
பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை மூன்றாம் நோட்டு வாங்கினேன்.
நீலம். முந்தையதைவிடத் தடிமன்.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்:
பெயர், எண், யார் வீடு, மணி.
கடைசியில் ஒரு கட்டம் மிச்சம்.
அதற்கு என்ன தலைப்பு என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.