எண்பத்திரண்டு

மார்கழி. மணி ஆறாகவில்லை.
ஊதியூர் மலை பனிக்குள்ளேயே படுத்திருக்கிறது.
பாறைக்குழி ஓரம்
ராத்திரியெல்லாம் நனைந்து நிற்கிறது இட்டாச்சி.
(எந்தக் கம்பெனி வண்டியானாலும்
எங்களுக்கு இட்டாச்சிதான்.)

சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினேன்.
எஞ்சின் இன்னும் தும்மக்கூட இல்லை.
பேசினால் வாயில் புகை வருகிற குளிரில்
திரை சொல்கிறது,
தண்ணீர்ச் சூடு எண்பத்திரண்டு.

"மதியம் ஆனா கோவம் வருது அண்ணா,"
என்கிறான் பிர்சு, ஜார்க்கண்டுக்காரன்,
இந்த வண்டிக்கு வந்த பிறகு தமிழ் படித்தவன்.
"மீட்டர் நல்லா இருக்கு. ஆனா கோவம்."

பெயிண்ட் புதுசு, மாம்பழ மஞ்சள்.
ஏழாயிரத்துச் சொச்சம் மணி ஓடியிருப்பதாக மீட்டர்;
அதற்கு இரண்டு மடங்கு என்கிறது
தேய்ந்து வழவழத்த மிதிகட்டை.
பாவாத்தாள் அக்கா
பதினாறு தறியை எடைக்குப் போட்டு
மிச்சத்துக்கு வட்டிக்கு எடுத்து
வாங்கிய வண்டி.
சால்வையை இழுத்துப் போர்த்தி நிற்கிறார்.
அவர் பார்ப்பது என் கையை,
வண்டியை அல்ல.

சென்சாரின் பிளக்கைக் கழற்றினேன்.
கழற்றினால் திரை அலற வேண்டும்,
சூடு அதலபாதாளத்துக்கு விழ வேண்டும்.
விழவில்லை.
எண்பத்திரண்டு.

அப்படியென்றால்
வேறு எவனோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போனேன்,
கிரீஸும் கல்மாவும் அப்பிய நெளிகுழாய்,
எலி கடித்து யாரோ ஒட்டுப்போட்ட இடம்,
அதைத் தாண்டி, பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால்
விரலுக்குத் தட்டுப்பட்டது
அரிசி மணிக்குச் சற்றுப் பெரிசாய் ஒரு புடைப்பு.
கறுப்பு டேப்.
அதன் கடைசி முனை அரை விரல் உள்ளே மடங்கியிருந்தது.

அது என் பழக்கம்.
நாளைக்குப் பிரிக்கிறவனுக்கு
நகம் பிடிக்க ஒரு தோது.

உள்ளே ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு,
முந்நூற்று முப்பது ஓம் ரெசிஸ்டர்.
ரூபாய்க்கு இரண்டு கிடைக்கும்.
காய்ந்தாலும் கொதித்தாலும்
ஒரே எண்ணைச் சொல்லும்.

பூல்ட்டின் தலையில் சுரண்டிப் பார்த்தேன்.
மஞ்சளுக்கு அடியில் செங்காவி.
அந்தச் செங்காவியை எனக்குத் தெரியும்.
நாலு வருசத்துக்கு முன்னே
பரமத்திப் பக்கம் ஒரு கிரஷரில்
ராக்கியண்ணன் வெற்றிலையை மென்றபடி சொன்னார்,
"புதன்கிழமை சென்சார் வந்துருமுங்.
அதுவரைக்கும் வண்டி நிக்காம இருந்தாச் சரி."
எந்தப் புதன்கிழமை என்று நான் கேட்கவில்லை.
ஐந்நூறு ரூபாயை மடித்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை மதியம்
இந்த எஞ்சின் வெந்துகொண்டே
'நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருக்கும்.

"என்னங்க அது?" என்றார் அக்கா.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
"எவன் பண்ண வேலைங்க?"

காற்றாலை ஒன்று தூரத்தில் நின்றபடி இருந்தது.
அவன் இவன் என்று
சொல்வதற்கு இரண்டு மூன்று கை மாறியிருக்கிறது இந்த வண்டி.

"நாந்தானுங்க."

ஏச்சு வரும் என்று நின்றேன்.
அவர் அந்த ரெசிஸ்டரை வாங்கி
நூல் அறுந்த இடத்தைத் தேடுகிற கண்ணோடு
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இப்ப என்ன ஆகும்?"
"ஹெட்டைக் கழட்டிப் பாக்கோணும்.
வளைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."
"கழட்டுங்க," என்றார்.
"சாமான் காசு நான் தர்றேன்.
கூலின்னு வாயைத் தொறக்காதீங்க."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல.

வயரை வெட்டி, நேர் சேர்த்து, ஈயம் வைத்து,
பிளக்கைத் திரும்ப மாட்டினேன்.
சாவி, ஒரு கட்டம்.

பத்தொன்பது.

பிர்சு கேபினுக்குள் தலையை நீட்டிப் பார்த்தான்,
இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு.
"ஆமா அண்ணா," என்றான்,
"இதுக்கும் குளிருது."