பச்சையாய்ச் சொன்னால்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கரையோரம் கல்லாகிக் கிடக்க
கொட்டகைக்குப் பின்னால் நின்று
ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறக்கிறேன்.
நாலு நாளைக்கொரு தரம் அதற்குக் காற்றுக் காட்ட வேண்டும்.
ஆட்டு ஈரல், சதுரம் சதுரமாய் நறுக்கியது,
அக்டோபரிலிருந்து கனிந்துகொண்டிருக்கிறது.
கனிதல் என்பது என் சொல்.
என் கணவன் டெல்மர் வைத்திருக்கும் சொல் வேறு.
பக்கத்து வீட்டு நாய் மட்டும்
வேலியிடுக்கில் மூக்கை நுழைத்து
இந்தத் தெருவிலேயே பெரிய மனுஷி நான்தான் என்பதுபோல்
பார்க்கிறது.

பதினோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
முப்பத்தொரு நிறுத்தம்.
எந்த நிறுத்தத்துக்கு எந்தக் கழிப்பறை பக்கம் என்று
என் குடலுக்கு மனப்பாடம்.
மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை.
பிறகு ஒரு நாள் நெருப்போடு பேச்சை முறித்தேன்.
முட்டையை உடைத்து அப்படியே வாயில் விட்டேன்.
எலும்பைப் பிளந்து மஜ்ஜையை விரலால் வழித்தேன்.
மான்கறி, குளிர்ந்த இரும்பின் ருசி.
அடுப்பை விற்றுவிட்டோம்,
அது நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாய் இருக்கிறது.

மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது.
பச்சையாய்ச் சொன்னால்
எழுந்து, திரும்பிப் பார்த்து,
அங்கேயே நின்று அழுதேன்.
மாத்திரையை அப்போதும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.
இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம்
அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

பயம் இல்லாமல் இல்லை.
பதினாலு நாள் உறைய வைத்தால் புழு சாகுமாம்,
எல்லாப் புழுவும் அல்லவாம்.
கரடிக்கறியைத் தொடுவதில்லை.
இரவில் வயிறு சின்னதாய் முனகினாலும்
விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்,
யாரது என்று கேட்காத குறைதான்.

தங்கை மகள் ஆன்னிகா
கைக்குழந்தையைத் தருமுன் கை கழுவச் சொன்னாள்.
கழுவினேன்.
இன்னொரு தரம் என்றாள், என்னைப் பார்க்காமல்.
கழுவினேன்.
குழந்தை என் மார்பில் தூங்கிய அந்தப் பத்து நிமிஷமும்
மூச்சை மறுபக்கம் விட்டேன்.

பரிசோதனைக்கு மூன்று காலை, மூன்று குப்பி.
வாங்கிக்கொண்ட தாதி
என் பேருந்தில் ஏறியவள், பதினாலாம் நிறுத்தம், டேனிகா,
மஞ்சள் பூட்ஸ் போட்ட சிறுமி.
"உங்கள் பேருந்தில் எப்போதும் ஆரஞ்சு வாசனை" என்றாள்.
அந்தக் குளிர்காலங்களில்
தோலை உரித்து ஹீட்டர் மேல் போடுவேன்.
மறந்தே போயிருந்தேன்.
குப்பியின் மேல் என் பெயரைத் திருத்தமாய் எழுதினாள்.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது.
ஒன்றுமில்லை.
சந்தோஷப்பட வேண்டும், பட்டேன்.
பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து
எதிர் நாற்காலியைப் பார்த்தபோது தோன்றியது,
என்னோடு சாப்பிட
ஒரு புழுகூட வரவில்லை.

டெல்மர் கராஜில் சமைக்கிறான்.
வெங்காய வாசனை வீட்டுக்குள் வரக்கூடாது என்று
சொன்னது நான்தான்.
சிலநாள் வெளியே மைனஸ் இருபத்தாறு.
காது மூடிய தொப்பியோடு
முகாம் அடுப்பின் முன் குனிந்து
ஒரே ஒரு ஆளுக்குக் கிளறிக்கொண்டிருப்பான்.

இன்று புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
கராஜ் கதவைத் தள்ளினேன்.
"சாத்து, சூடு போகுது" என்றான்.
சாத்தினேன்.
வதங்குகிற வெங்காயம்,
அதன் மேல் எதையோ மன்னித்தமாதிரி நீராவி.
கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து
விரல்களைச் சட்டிக்கு நேரே நீட்டினேன்.
சாப்பிடவில்லை. அவனும் கேட்கவில்லை.
நெருப்பு தன்பாட்டுக்கு எரிந்தது,
ஒரு வருஷமாய் அதன் மேல் நான் சொன்னதில்
ஒன்றும் காதில் விழாததுபோல்.

பையில் சூடு ஏறியதும்
புட்டியின் மூடி
தானாய் ஒரு பெருமூச்சு விட்டது.
இருவருக்கும் கேட்டது. இருவருக்கும் வீசியது.
டெல்மர் கரண்டியை நிறுத்தி,
மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டே கேட்டான்:
"அதுக்கும் ஒரு டப்பா போடட்டுமா?"