தோ காப்பி

ஆற்காடு ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
பிறர் நோய்களைப் பிரதியெடுக்கிறேன்.
பக்கம் ரெண்டு ரூபாய்.

ரிப்போர்ட்டைப் படிக்காதே என்பார் தயாளன் அண்ணன்.
கண் கேட்டால்தானே.
காலையில் யாருடைய கல்லீரலோ,
மத்தியானம் எனக்கு வலப்பக்கம் குத்தும்.
ராஞ்சியிலிருந்து வந்தவரின் வால்வு
இரவு என் விலாவுக்குள் படபடக்கும்.

மூன்று ஈசிஜி எடுத்தாயிற்று.
மூன்றும் நார்மல்.
அவற்றையும் நானே ஜெராக்ஸ் போட்டு
பர்ஸில் வைத்திருந்தேன், மடிப்பில் கிழியும்வரை.

மாத்திரை எழுதாத டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்:
நாடி பார்க்கத் தோன்றினால்
பத்து நிமிஷம் தள்ளிப்போடு.

பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா?

அக்னி நட்சத்திரம். கரண்ட் போயிருந்தது.
விரல்நுனி மரத்து, மூச்சு
தொண்டைக்கு மேலேயே நின்றது.
வலது மணிக்கட்டைத் தேடி ஊர்ந்த இடது கையை
இழுத்து மெஷின் மூடிமேல் வைத்தேன்.
ஓடி நின்ற சூடு அதற்கும் இருந்தது.
டீயை ஊதுவதுபோல் நீளமாக ஊதினேன்.
எதிர் லாட்ஜ் மாடியில் காயும் துண்டுகள்:
பதினேழு. ஒன்று பச்சை.
பயம் போகவில்லை.
டோக்கன் வாங்கியவர் மாதிரி
ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

கரண்ட் வந்தது.
"தீதி, தோ காப்பி" என்று
பெரிய கவரை நீட்டினார் ஒருவர்.
எடுத்துக் கொடுத்து, சில்லறை தேடி,
இல்லாமல் பக்கத்துக் கடையில் மாற்றி வந்த பிறகுதான்
கடிகாரம் பார்த்தேன்.
இருபத்தைந்து நிமிஷம்.

இரவு, சத்துவாச்சாரி பஸ்ஸில்
ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்தான்.
எண்ணவில்லை.